போல்ட்டில் உள்ள அந்த நான்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பதினொரு புகைப்படங்களும் வந்து மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. பதில் எழுதாததற்கு அம்மாவின் முழங்காலைக் காரணம் சொல்லலாம் என்றிருந்தேன். ஆனால் அவள் இப்போது நன்றாகவே நடக்கிறாள், ஆகையால் அந்தக் காரணம் எனக்கு உதவவில்லை. தாத்தாவின் ரைஃபிளை விற்கப் போகிறாய் என்றும், வாங்க வருபவர் “எல்லா எண்களும் பொருந்தியது, மாற்றம் எதுவும் செய்யப்படாதது” என்று எழுத்தில் கேட்கிறார் என்றும், அந்த ஒரு வரியை எழுதி நான் கையெழுத்திட்டால் போதும் என்றும் எழுதியிருந்தாய். ஏன் விற்கிறாய் என்று எழுதவில்லை. உரிமம் உன் பெயரில் இருக்கிறது, பொருளும் உன்னுடையது, ஆகையால் நான் கேட்கப் போவதில்லை. கையெழுத்திடும் முன் ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். எப்படிச் சரிபார்ப்பது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று: எதையும் துடைக்காதே. மூன்றாவது படத்தில், கட்டையின் கடைசியில் தோளில் படும் பின்தகட்டின் பித்தளை ஒரு மூலையில் மட்டும் மின்னுவதைப் பார்த்தேன். நீ சிறுமியாக இருந்தபோது அதைத் தேய்த்து அதில் முகம் பார்த்ததற்கு உன்னைப் பாராட்டியிருக்கிறேன். அந்தப் பாராட்டை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நூறு ஆண்டுகளில் படிந்த கருமையைத்தான் சேகரிப்பவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். பளபளக்கும் பித்தளையைக் கண்டால், இவர்கள் இன்னும் எதையெல்லாம் தேய்த்தார்களோ என்ற சந்தேகம் அவர்களுக்கு வந்துவிடும். கட்டைக்கு வார்னிஷ் பூசலாமா என்று மாப்பிள்ளை கேட்டதாக எழுதியிருந்தாய். வேண்டாம் என்று என் பெயரைச் சொல்லியே சொல். அந்த வால்நட் கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் ஒன்றுதான் அந்தக் காலத்தில் ஊட்டப்பட்டது. வார்னிஷின் கண்ணாடி மினுமினுப்பைப் பார்த்த மறுகணமே விஷயம் தெரிந்தவர் கீழே வைத்துவிடுவார். இதை அவரே என்னிடம் கேட்டிருக்கலாம். முன்பெல்லாம் கேட்பார்.

கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் தோட்டாக்கள் நிரப்பும் மேகசினைக் கழற்றி, தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டான போல்ட்டைத் திறந்து, தோட்டா அறை காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள். உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று தெரிந்தும் சொல்கிறேன். திருகாணிகளைத் தொடாதே. அவற்றின் தலையிலுள்ள பிளவுகள் சிதையாமல் இருப்பதே, தகுதியற்ற கை உள்ளே போகவில்லை என்பதற்கு முதல் சாட்சி. குறிப்பாக, பின்கட்டைக்குள் இருக்கும் நீண்ட இணைப்புத் திருகாணியைத் திருப்ப யாரையும் விடாதே. முன்கட்டையை முதலில் கழற்றாமல் அதைத் திருப்பினால், அதன் சதுர முனை முன்கட்டையின் பின்பகுதியைப் பிளந்துவிடும். இந்த வகையில் பல நல்ல துப்பாக்கிகள் அப்படித்தான் வீணாயிருக்கின்றன.

இனிக் குறிகளுக்கு வருவோம். போல்ட்டின் கைப்பிடிக்குக் கீழே, பின்கட்டை உலோகத்தில் நுழையும் வளையத்தின் வலப்புறத்தில், கிரீடமும் மன்னர் ஜார்ஜைக் குறிக்கும் ஜி.ஆர். எழுத்துகளும், அதன்கீழ் ரைஃபிளைச் செய்த பி.எஸ்.ஏ. (பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்) நிறுவனத்தின் பெயரும், 1917 என்ற ஆண்டும், மூன்று கோடுகளுக்குப் (III) பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் இருக்கும். அந்த நட்சத்திரத்தை அலங்காரம் என்று நீ நினைத்திருந்தாய். தாத்தா திருத்தியது நினைவிருக்கும். நம்முடையது பிரிட்டிஷ் படையின் லீ-என்ஃபீல்டு வகை. அதில் 1907-இல் ஏற்கப்பட்ட மார்க் III வடிவத்தில், மேகசினை மூடி ஒற்றைத் தோட்டாவாகச் சுட உதவும் தடுப்புத் தகடும், வெகுதூரத்துக்குக் கூட்டமாகச் சுடுவதற்கான பக்கவாட்டுக் குறிகாட்டியும், குழலின்மேல் குறிபார்க்க உதவும் பின்குறியைக் காற்றுக்கு ஏற்ப நகர்த்தும் வசதியும் இருந்தன. முதல் உலகப்போரில் உற்பத்தியை விரைவுபடுத்துவதற்காக 1916-இல் அவற்றை விட்டுவிட்டுத்தான் நட்சத்திரம் போட்டார்கள். ஆகவே நம்முடையதில் அவை இல்லாதது குறையாகாது. புதிதாகச் செய்த பக்கவாட்டுக் குறிகாட்டியைப் பொருத்தி அழகுபடுத்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிடு.

பின்கட்டையின் மேல்பக்கத்தில் இருக்கும் எஸ் என்ற எழுத்தைப் பார்த்து, கட்டை மாற்றப்பட்டதோ என்று கவலைப்பட்டிருந்தாய். அது குட்டையான கட்டை என்பதற்கான அளவுக் குறி; நீளமானதற்கு எல் என்று இருக்கும். கை நீளம் குறைந்த ஒரு சிப்பாய்க்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். முனையோடு முனை சந்திக்கும் இரண்டு அம்புகள், படையிலிருந்து முறைப்படி விற்கப்பட்டது என்பதைக் காட்டுபவை. தாத்தாவுக்கு அது எப்படி வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று நம்மிடம் கிடையாது. அதைத் தெளிவாகப் படமெடு. எடுக்கும்போது விளக்கை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடி. ஆழம் அப்போதுதான் தெரியும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தும் ஒரு படி எடுத்துக்கொள். தாளில் தேய்க்கலாம், உலோகத்தைத் தேய்க்காதே.

வாங்குபவர் முக்கியமாகப் பார்க்கப்போவது எண்களைத்தான். இந்த ரைஃபிளில் ஒரே எண் உடலின் (போல்ட் உள்ளே ஓடும் இரும்புக் கூட்டின்) முன்வளையத்திலும், குழலின் அடிப்பகுதியிலும், பின்குறித் தகட்டின் அடியிலும், முன்முனை இரும்பிலும், அதற்குப் பின்னால் முன்கட்டையின் கீழ்ப்பக்கத்திலும், போல்ட் கைப்பிடியின் பின்புறத்திலும் இருக்க வேண்டும். பின்குறித் தகட்டையும் முன்கட்டையையும் நீ படமெடுக்கவில்லை, எடுத்து அனுப்பு. குழலில் பொறித்திருக்கும் ஆண்டையும் பார். அது உடலின் ஆண்டுக்குப் பிந்தியதாக இருந்தால், படையிலேயே குழல் மாற்றப்பட்டது என்று பொருள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சொல்லிவிட்டு விற்கலாம். ஒரு பாகத்தைப் படையின் ஆயுதப் பணிமனையில் மாற்றும்போது, பழைய எண்ணின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, பக்கத்தில் புதிய எண்ணைப் பொறிப்பது வழக்கம். இரண்டையுமே படிக்கலாம். பழையதைத் தேய்த்து அழிப்பவர்கள் மறைக்க விரும்புபவர்கள் மட்டுமே.

தேய்த்த இடத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. நேரான எஃகு அளவுகோலின் விளிம்பை அதன்மேல் வைத்தால், நடுவில் வெளிச்சம் கசியும். உலோகம் அங்கே பள்ளமாகியிருக்கும். சுற்றியுள்ள பகுதியின் நிறமும் அந்த இடத்தின் நிறமும் ஒத்துப்போகாது. அடித்த எண்ணின் ஓரத்தில் உலோகம் மேலெழும்பி நிற்பது காலப்போக்கில் கைபட்டு மழுங்கிவிடும். அண்மையில் அடித்ததில் நகத்தால் தடவினாலே அது தட்டுப்படும். எல்லாவற்றையும்விட, எழுத்தின் வடிவம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு தொழிற்சாலையின் அச்சில் நான்கு என்ற இலக்கம் ஒரு விதமாக இருக்கும், வேறொருவரின் பெட்டியிலுள்ள அச்சில் இன்னொரு விதமாக இருக்கும்.

படங்களுக்குக் கீழே நீ கேட்டிருந்த கடைசிக் கேள்வி அதுதான்: “அப்பா, மற்ற இடங்களில் நான்கின் தலை திறந்திருக்கிறது, போல்ட்டில் மட்டும் ஏன் மூடியிருக்கிறது?” தாத்தாவுக்கு அடுத்தபடியாக இந்தக் குடும்பத்தில் பார்க்கத் தெரிந்த கண் உன்னுடையது. மூன்று வாரங்களாக நான் பதில் எழுதாததற்குக் காரணமும் அந்தக் கேள்விதான்.

போல்ட் தாத்தாவின் ரைஃபிளுடையது இல்லை. எண்ணை நான்தான் பொறிக்க வைத்தேன்.

நீ தவழத் தொடங்கிய வாரத்தில் போல்ட்டைக் கழற்றி, எண்ணெய்த் துணியில் சுற்றி, ரைஃபிள் ஓர் அறையிலும் அது வேறோர் அறையிலுமாக வைக்கத் தொடங்கினேன். அது சரியான செயல். இன்றும் அதையே செய்வேன். உனக்கு ஆறு வயதானபோது வீடு மாறினோம். அந்த மாற்றத்தில் துணிச்சுருள் தொலைந்தது. எந்தப் பெட்டியில் வைத்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவு வரவில்லை. தாத்தாவிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உரிமம் கொடுத்த அலுவலகத்திலும் சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. பழைய உதிரிப் பாகங்கள் விற்பவர் ஒருவரிடம் அதே பி.எஸ்.ஏ. போல்ட் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கி, அதிலிருந்த எண்ணை அரத்தால் நானே தேய்த்துவிட்டு, எண் அச்சுகள் வைத்திருந்த ஒருவரைக் கொண்டு நம் எண்ணை அடித்து வாங்கினேன். கோடு போட்டுப் பக்கத்தில் அடித்திருந்தால்கூட இன்று அது நேர்மையான பழுதுபார்ப்பாக இருந்திருக்கும். அதைச் சொல்லவும் அந்த மனிதர் முயன்றார், நான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் தாத்தா வந்தார். கண் மங்கிவிட்டிருந்த காலம். ரைஃபிளை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இடமாகக் கையால் காட்டி எண்ணைப் படிக்கச் சொன்னார். படித்தேன். போல்ட்டிலும் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. “ஒரே எண், இல்லையா?” என்றார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு, வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொன்ன அந்தப் பெருமைப் பேச்சை, அவர் போன பிறகு நான் சொன்னேன். எனக்கடுத்து நீ சொன்னாய்.

உன்னை ஒருமுறைகூட அதைச் சுட விடவில்லை என்று பல ஆண்டுகள் என்மீது உனக்குக் கோபம். பெண் என்பதால்தான் மறுத்தேன் என்று ஒருமுறை கதவை அறைந்துவிட்டுப் போனாய். பழைய தோட்டாக்களை நம்ப முடியாது என்று நான் சொன்னது பொய். இந்தத் துப்பாக்கிகளில் போல்ட்டின் தாங்குமுனைகள் அந்தந்த உடலோடு பொருந்தும்படி தொழிற்சாலையில் சரிசெய்யப்பட்டன. அதனால்தான் எண்ணே போடப்பட்டது. வேறொரு போல்ட்டைப் போட்டால், அதன் முகப்புக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடைவெளியை அளவி வைத்துச் சோதித்தாக வேண்டும்: 0.064 அங்குல அளவியில் போல்ட் மூட வேண்டும், 0.074 அங்குல அளவியில் மூடக் கூடாது. நான் சோதிக்கவில்லை. சோதிக்கக் கொண்டுபோனால் எண்ணைப் பார்ப்பார்களே என்ற பயம். சோதிக்காததை உன் தோளில் வைக்க மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. நீ தவறாக நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு வசதியாக இருந்தது, அம்மா.

ஆகையால் இப்போது செய்ய வேண்டியவை. நீ கேட்ட வரியை நான் எழுத மாட்டேன், நீயும் எழுதாதே. போல்ட் மாற்றப்பட்டது, அதன் எண் பின்னால் அடிக்கப்பட்டது, மற்ற எண்களை வாங்குபவரே பார்த்துக்கொள்ளலாம் என்று எழுது. யார் செய்தது, எப்போது, ஏன் என்பதைத் தனித்தாளில் எழுதி, கையெழுத்திட்டு, இத்துடன் வைத்திருக்கிறேன், அதையும் கொடு. எண்ணை மாற்றியதைச் சட்டம் எப்படிப் பார்க்கும் என்பதை உரிம அலுவலகத்தில் முதலில் கேள். என் பெயரையும் முகவரியையும் தயங்காமல் கொடு. அது முடியும்வரை யாரிடமும் முன்பணம் வாங்காதே. இடைவெளியை முறையாகச் சோதிக்காமல் யாரும் சுட்டுப்பார்க்க விடாதே. விலை பேசும்போது ஒரு குண்டு போட்டுப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள்.

பின்தகட்டுப் பித்தளையில் இருக்கும் சிறு கதவைத் திற. எண்ணெய்க் குப்பிக்குப் பின்னால், துணிச் சுருளுக்குள், நான்காக மடித்த ஒரு தாள் இருக்கும். அரத்தால் தேய்ப்பதற்கு முன் அந்தப் போல்ட்டில் இருந்த சொந்த எண்ணை அதில் எழுதி வைத்திருக்கிறேன். அதை அடியோடு இல்லாமல் ஆக்கிவிட அன்றைக்கு ஏனோ கை வரவில்லை. தாளைத் திறந்து பார். கதவைத் திறக்கும்போது பித்தளையைத் துடைத்துவிடாதே.

இந்த உண்மையால் விலை குறையும். எவ்வளவு குறைகிறது என்று வாங்குபவர் சொல்லும் தொகையை அப்படியே எனக்கு எழுது. அந்தக் குறை நான் ஏற்படுத்தியது, ஆகையால் அதை நான்தான் அனுப்ப வேண்டும். இதில் நீ மறுக்க இடமில்லை. உனக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்று நான் கேட்கவில்லை. குறைந்தது எவ்வளவு என்று மட்டும் எழுது. கொஞ்சம் கூட்டி எழுதினாலும் நான் கணக்குப் பார்க்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா