லேசர் கார்பன் மின்வாய்: செய்திகளில் விடுபடுபவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலிஇமைடு என்ற சூடு தாங்கும் பிளாஸ்டிக் படலத்தில் லேசரை ஓட்டி, அதைக் கருக்கி வளையக்கூடிய கார்பன் மின்வாய் (எலக்ட்ரோடு) செய்து, அதைக் கொண்டு குடிநீரில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்கலாம் என்ற செய்திகள் அடிக்கடி வருகின்றன. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழுவினர் 2014இல் வெளியிட்ட இந்த முறைக்கு, அக்ரிலிக் வெட்டும் கடைகளில் இருக்கும் சி.ஓ.2 (கார்பன் டைஆக்சைடு) லேசரே போதும். ஆனால் மின்வாய் கிடைத்தாலே உணரி (சென்சார்) கிடைத்துவிட்டது போல எழுதுவது மாணவர்களைத் தவறான வழியில் விடும்.

125 மைக்ரான் படலத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நான்கு ஓரங்களையும் சமமான டைல்ஸ் துண்டின்மேல் டேப் போட்டு ஒட்ட வேண்டும். சூட்டில் படலம் சுருண்டு சற்றே எழும்பினாலும் ஃபோகஸ் மாறி, ஒரே பட்டை ஓரிடத்தில் கறுப்பாகவும் ஓரிடத்தில் பழுப்பாகவும் வரும். பழுப்பு என்றால் சூடு போதவில்லை. தொட்டதும் பொடியாக உதிர்ந்தால் மிஞ்சிவிட்டது. லேசரின் 40 வாட் கண்ணாடிக் குழாய் மிகக் குறைந்த பவரில் நிலையாக எரியாது. பவரைச் சற்று உயர்த்தி, ஃபோகஸை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி வைத்து, வேகத்தைக் கூட்டுவதே நல்லது. வெயில் ஏற ஏறக் குளிர்விக்கும் தண்ணீர் சூடாகி பவர் இறங்கும் என்பதால், ஒவ்வொரு தொகுதியோடும் 20 மி.மீ. நீளம், 2 மி.மீ. அகலத்தில் ஒரு சோதனைப் பட்டை சுட வேண்டும். மல்டிமீட்டர் காட்டும் ஓம் அளவைப் பத்தால் வகுத்தால் தளமின்தடை, அதாவது ஒரு சதுரப் பரப்பின் மின்தடை, கிடைக்கும். அது தொகுதிக்குத் தொகுதி ஏறி இறங்கினால் அளவீட்டுக்குப் போகவே வேண்டாம்.

இந்தக் கார்பன் நுண்துளைகள் நிறைந்தது. சோதனை நீர் அதன் வழியே ஊறி ஏறி கிளிப்பைத் தொட்டுவிட்டால், கிளிப்பின் உலோகமே வினைபுரிந்து மின்னோட்டம் நிலைகொள்ளாமல் அலையும். நீரில் மூழ்கும் பகுதிக்கும் கிளிப்புக்கும் நடுவில் நெயில் பாலிஷை இரண்டு முறை பூசி, உள்ளே இறங்கிக் காய விட வேண்டும். கிளிப் பிடிக்கும் இடத்தில் வெள்ளிப் பசை அவசியம்.

பலரும் கோட்டை விடுவது, மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் ஒப்பீட்டு மின்வாயில்தான். வெள்ளிப் பசை பூசி, ஃபெரிக் குளோரைடு கரைசலால் மேற்பரப்பை வெள்ளி குளோரைடாக மாற்றுகிறார்கள். அதன் மின்னழுத்தம் நீரிலுள்ள குளோரைடைப் பொறுத்தது. குளோரைடு பத்து மடங்கானால் சுமார் 59 மில்லிவோல்ட் நகரும். நம் போர்வெல் தண்ணீரின் உப்பு தெருவுக்குத் தெரு மாறுகிறது. லிட்டருக்கு 250 மி.கி. குளோரைடு உள்ள நீருக்கும் 1000 மி.கி. உள்ள நீருக்கும் இடையே மட்டும் ஏறக்குறைய 35 மில்லிவோல்ட் வித்தியாசம். ஈயம் தரும் மின்னோட்ட உச்சத்தைக் குறித்த மின்னழுத்தத்தில் தேடும் கருவி அங்கே ஏமாந்துவிடும். 100 மி.லி. நீரில் 745 மி.கி. பொட்டாசியம் குளோரைடு கலந்தால் அந்த வித்தியாசம் 5 மில்லிவோல்ட்டுக்குள் அடங்கும். சேர்க்கும் உப்பிலேயே ஈயம் இருக்கலாம் என்பதால், அதே உப்பைத் தூய நீரில் கலந்தும் ஒருமுறை அளந்து கழிக்க வேண்டும்.

பாலிஇமைடு கருகும்போது கார்பன் மோனாக்சைடு உள்ளிட்ட நச்சு வாயுக்கள் வரும்; புகையை வெளியேற்றும் விசிறி இல்லாத அறையில் இதைச் செய்யவே கூடாது. கையில் இருப்பது பி.வி.சி. தாள் அல்ல என்பதையும் முதலிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் இயந்திரத்தையும் சேர்த்தே அரிக்கும். இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது இந்த இரண்டு எச்சரிக்கைகளையாவது கட்டம் கட்டிப் போடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மின்வேதியியல் ஆய்வகப் பணியாளர்கள்