சொந்தமா ப்ளேன் கட்டுற தம்பி தங்கச்சிமாருக்கு ஹட்டன்லேருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம். நான் இலங்கை மலைநாட்டு ஹட்டன்ல வண்டி வயரிங் வேலை செய்ற ஆளு. த்ரீவீலு, வேனு, தோட்டத்து லொறின்னு 20 வருஷத்துக்கு மேல அல்டர்னேட்டரும் பேட்டரியும்தான் பொழப்பு. ப்ளேன் ஓட்டத் தெரியாது, ஏறினதே ரெண்டு தடவ, அதுலயும் ஜன்னலோரம் கிடைக்கல. பின்ன ஒனக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேப்பீங்க. அக்கா மகன் ஒருத்தன் வெளிநாட்டுல கராஜ்லயே ரெண்டு சீட்டு ப்ளேன் கட்டி பறக்கவும் விட்டுட்டான். போன மாசம் நடுராத்திரி வீடியோ கோல்ல வந்து, "மாமா ரெகுலேட்டர் ரெண்டாவது தடவயும் போயிருச்சு, மூணாவதுக்கு ஓடர் போட்டுட்டேன்"ங்குறான். ரெகுலேட்டர்ங்குறது என்ஜின் சுத்தி வர்ற கரண்ட்ட பேட்டரிக்கு ஏத்த அளவா மாத்திக் குடுக்குற பெட்டி. கூட்டாளிமாரும் இப்படித்தானாம், போனா புதுசு மாட்டுறது. அதனாலதான் எல்லாருக்குமா எழுதுறேன்.

பெட்டி எங்க இருக்குன்னு காட்டுடான்னேன். என்ஜினுக்கும் ஆளுக்கும் நடுவுல மறைப்பா ஒரு தகடு இருக்குல்ல, அதுல என்ஜின் பக்கமா, சைலன்சர் குழாய்க்கு ஒரு சாண் தள்ளி, பளபளன்னு பெயின்ட் அடிச்ச இடத்துல பூட்டியிருக்கான். மூணாவது இல்ல, முப்பதாவது மாட்டினாலும் போகத்தான் செய்யும்.

கினிகத்தேனை ஏத்தத்துல த்ரீவீல் எப்படி வருதுன்னு பாருங்க. சின்ன கியர்ல என்ஜின் கத்துது, வண்டி நகரமாட்டேங்குது, காத்தே படாது. ரெகுலேட்டர் எனக்கு வர்றது பாதிக்கு மேல அப்படி ஏறி வந்த வண்டிலேருந்துதான். ப்ளேனும் மேல ஏறுறப்ப இதே கததான், என்ஜின் ஃபுல்லா சுத்துது, வேகம் கம்மி, அந்த நேரத்துலதான் ஸ்டார்ட் பண்ணி இறங்கின பேட்டரியும் நெறைய கரண்ட் கேக்குது. சின்ன ப்ளேன்ல வர்ற ரோட்டாக்ஸ் 912 மாதிரி என்ஜினுக்கு ரெகுலேட்டர் உடம்பு 80 டிகிரிக்கு மேல சுடக்கூடாதுன்னு கம்பெனியே சொல்லியிருக்கு. 80க்கு மேல சுட்டா நெறம் மாறுற ஸ்டிக்கர் ஒண்ண ஒட்டிட்டு ஒரு ரவுண்டு பறந்துட்டு வந்து பாருங்க. பெட்டிய கெபின் பக்கம் கொண்டு போங்க, இல்லன்னா காத்துக்கு ஒரு குழாய் விடுங்க.

அடுத்தது எர்த், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்கு திரும்பிப் போற வழி. நான் சொல்ல வந்ததே இதுதான். அந்த மாதிரி ரெகுலேட்டருக்கு உடம்புதான் எர்த், அப்ப பெயின்ட் மேல பூட்டினா எர்த் எப்படி கிடைக்கும்? போல்ட் மரை வழியா கொஞ்சம் கிடைக்கும், அதிர்வுல அதுவும் தளரும், வட்டவளை மாதிரி மழை ஊர்ல வச்சிருந்தா பச்சை வேற பூக்கும். என்ஜின் ஓடுறப்ப லைட்டெல்லாம் போட்டுட்டு மீட்டரோட ஒரு முனைய பேட்டரி மைனஸ்லயும் மறு முனைய ரெகுலேட்டர் உடம்புலயும் வச்சுப் பாருங்க, 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது, 0.5 காட்டுனா சுரண்டுங்க, தனியா தடிச்ச வயர் ஒண்ணு போடுங்க. வோல்ட் எவ்வளவுன்னு பாக்குற வயரும் இப்படித்தான். அதோட முனை லூசாகி 13.5ன்னு குறைச்சுக் காட்டுனா பெட்டி பேட்டரி பத்தலன்னு நெனச்சு இன்னும் தள்ளும், பேட்டரி 15 தாண்டி கொதிக்கும். குத்தம் வயர்ல, பழி பெட்டி மேல. ஜெனரேட்டர்லேருந்து ரெகுலேட்டருக்கு வர்ற மஞ்ச வயர் ரெண்டும் போற இடத்துல பிளாஸ்டிக் பழுப்பா மாறியிருக்கான்னும் பாத்துக்கங்க, அது சூடு ஏறின அடையாளம்.

காந்தம் சுத்துற டைப் ஜெனரேட்டர்ல என்ஜின் சுத்துற வரைக்கும் கரண்ட் வரும், அத நிப்பாட்ட முடியாது. அதனால அந்த மஞ்ச வயர்ல ஒண்ண வெட்டிவிடுற ரிலே, அதாவது கரண்ட்டால வேலை செய்ற சுவிச் ஒண்ணு வேணும், 16 வோல்ட்டுல தானா வெட்டணும். கார் அல்டர்னேட்டர் மாட்டினவங்க, உள்ளுக்குள்ளயே ரெகுலேட்டர் இருந்தா சுவிச்ச ஓஃப் பண்ணா நின்டுரும்னு நம்பாதீங்க, கரண்ட் வெளிய வர்ற பெரிய வயர்லயே ஒரு கொன்டக்டர், அதாவது பெரிய ரிலே போடுங்க. வோல்ட் ஏறுறப்ப பதட்டத்துல பேட்டரிய முதல்ல கழட்டிராதீங்க. ஏறுற வோல்ட்ட கொஞ்சமாவது தாங்கிட்டு இருக்குறது பேட்டரிதான், அத எடுத்தா மிச்சம் மொத்தமும் ரேடியோ தலையில போய் விழும். முதல்ல சார்ஜிங்க வெட்டுங்க.

வோல்ட் கொறஞ்சா பதற வேணாம். கார்ப்ரேட்டர் வச்ச 912 என்ஜினுக்கு பொறி குடுக்குற இக்னிஷன் தனி, பேட்டரி செத்தாலும் ஓடும். இன்ஜெக்ஷன் என்ஜின் அப்படி இல்ல, அதுக்கு கரண்ட் வேணும், ஒங்களோடது எதுன்னு தரையில இருக்கும்போதே தெரிஞ்சிருக்கணும். மீட்டர் 13 வோல்ட்டுக்கு கீழ வந்தா ஒரு லைட்டோ சத்தமோ வைங்க, மீட்டர் முள்ள யாரு பாத்துட்டே இருப்பா? லைட் எரிஞ்சா வேண்டாத லைட்டு, ஃபோன் சார்ஜர் எல்லாத்தையும் அணைச்சிட்டு பக்கத்துல இறங்குங்க. 18 ஆம்பியர் அவர் பேட்டரியில 6 ஆம்பியர் இழுத்தா கணக்குக்கு 3 மணித்தியாலம் வரும், பழைய பேட்டரின்னா நான் பாதி கூட நம்பமாட்டேன்.

வீடு வரைக்கும் போயிரலாம்னு மட்டும் போகாதீங்க. நாங்க ஹட்டன் பக்கத்துல இருக்குற ஏழு கன்னி மலைய பாத்து வளந்த ஆக்கள். 1974 டிசம்பர் 4ஆம் திகதி ராத்திரி ஹஜ்ஜுக்கு போன ப்ளேன் அங்க மோதி 191 பேர் செத்தாங்க. அதுக்கு காரணம் வேற, எங்க இருக்கோம்னு தப்பா கணக்கு போட்டுட்டாங்க, கரண்ட் பிரச்சினை இல்ல. ஆனா மேகத்துக்குள்ள ஜிபிஎஸ்ஸும் ரேடியோவும் அணைஞ்சா ஒங்களுக்கும் எங்க இருக்கோம்னு தெரியாதுல்ல.

மருமகனே, நீயும் வாசிப்பன்னு தெரியும். மூணாவது பெட்டி வந்தாலும் கவர பிரிக்காத. பழைய எடத்துல பெயின்ட்ட சுரண்டி எர்த் ரீடிங் எடுத்துட்டு கோல் பண்ணு, ஆனா எங்க ஊர்ல விடிஞ்ச பொறகு பண்ணு.