பின்னால் வந்த பெயர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது அறிந்து மகிழ்ந்தேன். இனி நான் பொடி எழுத்தில் எழுதினாலும் நீங்கள் கோபிக்க மாட்டீர்கள்.

லண்டனில் மகள் வீட்டில் இருந்தபோது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு மூன்று முறை போனேன். 1939இல் சஃபோக் மாவட்டத்துச் சட்டன் ஹூவில், மண்மேட்டுக்குள் ஒரு முழுக் கப்பலோடு புதைந்து கிடைத்த ஏழாம் நூற்றாண்டுச் செல்வத்தைக் காட்டி, 'ஆங்கிலோ-சாக்சன் மன்னர்' என்று வழிகாட்டி ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். அந்த மன்னரே அச்சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்.

ஆங்கிலேயரின் முன்னோர் என்று சொல்லப்படும் 'ஆங்கிலோ-சாக்சன்' என்று ஓர் இனம் உண்மையில் இருந்ததா என்று கேட்டிருந்தீர்கள். மக்கள் இருந்தார்கள், பெயர்தான் பிறகு வந்தது. ஆங்கிள், சாக்சன், ஜூட் என்னும் மூன்று குடியினர் ஐந்தாம் நூற்றாண்டில் இன்றைய ஜெர்மனி, டென்மார்க் பகுதிகளிலிருந்து கடல் கடந்து பிரிட்டனுக்கு வந்ததாக, 731இல் தம் திருச்சபை வரலாற்றை எழுதி முடித்த பீட் என்ற துறவி குறிக்கிறார். வேல்ஸ்காரர்களுக்கோ அனைவரும் சாக்சன்களே. நாம் ஐரோப்பியர் எல்லாரையும் பரங்கியர் என்றோமே, அதுபோல. ஆங்கிள், சாக்சன் என்னும் இரு பெயர்களையும் முதலில் இணைத்தவர்கள் ஐரோப்பியப் பெருநிலத்து எழுத்தாளர்கள். தாய்நிலத்திலேயே தங்கிவிட்ட சாக்சன்களிடமிருந்து இவர்களைப் பிரித்துச் சொல்ல அது உதவியது. பின்னர் 880களில், தென் இங்கிலாந்தின் வெசெக்ஸ் அரசின் சாக்சன்களோடு நடு இங்கிலாந்தின் மெர்சியா அரசின் ஆங்கிள்களையும் ஆல்ஃபிரட் அரசர் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்து படையெடுத்து வந்த டேனியரை (வைக்கிங்குகளை) எதிர்த்து நின்றபோது, அவருடைய பட்டயங்களில் 'ஆங்கிலோ-சாக்சன்களின் அரசர்' என்ற பட்டம் ஏறியது. அரசியல் தேவை ஈன்ற பெயர் என்றே இதை நான் கொள்கிறேன்.

குருதிக் கதை இன்னும் சிக்கலானது. வெசெக்ஸ் அரச மரபின் முதல்வராகச் சொல்லப்படும் செர்டிக்கின் பெயரே இவர்கள் வருமுன்பே தீவில் வாழ்ந்த பிரிட்டானியரின் மொழியைச் சேர்ந்தது. ஆனால் குடிபெயர்வே கட்டுக்கதை என்று நான் முன்பு உங்களிடம் வாதிட்டதைத் திரும்பப் பெறுகிறேன்: கிழக்கு, தெற்கு இங்கிலாந்தின் அக்காலக் கல்லறை எலும்புகளில் சராசரியாக 76 விழுக்காடு மரபு வடகடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்று 2022இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அதே இடுகாடுகளில் பழங்குடி மரபினரும் கலப்பு மரபினரும் அருகருகே துயில்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பெயர் இனச்செருக்கின் கொடியானது. அந்தக் கறையை எண்ணி, ஆங்கிலோ-சாக்சன் கால ஆய்வாளர்களின் சங்கம் ஒன்று 2019இல் தன் பெயரிலிருந்தே இதை நீக்க வாக்களித்தது. அவர்கள் மனம் எனக்குப் புரிகிறது. ஆயினும் ஆல்ஃபிரட்டின் பட்டயத்திலிருந்து அதை யார் அழிப்பது? உங்கள் எண்ணத்தை எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்