துல்லியம் எத்தனை சதவீதம் என்று கேட்கும் முன்: ஆய்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாகப் பிஎச்டி செய்கிறேன். போன கூட்டத்தில் என் லிட்ரேச்சர் ரிவ்யூ (முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து அலசும்) அத்தியாயத்தையும் அதோடு இணைத்திருந்த உள்ளூர் தரவையும் ஏன் திருப்பினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். "எல்லாரும் 98, 99 சதவீதம் காட்டுகிறார்கள், உங்களுடையது எங்கே?" என்று கேட்டீர்கள். அங்கே பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஒரு சாஃப்ட்வேரை முடிக்க எத்தனை ஆள்-மாத உழைப்பு (ஒருவர் ஒரு மாதம் செய்யும் வேலை ஓர் ஆள்-மாதம்) ஆகும் என்பதை மெஷின் லேர்னிங் கொண்டு முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பது என் தலைப்பு. அந்த 99 சதவீதங்கள் எந்தத் தரவிலிருந்து வருகின்றன? இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது சில பழைய தரவுத் தொகுப்புகளைத்தான். பேரி போஹம் என்ற ஆய்வாளர் 1981இல் வெளியிட்ட கோகோமோ தரவில் 63 புராஜெக்ட்கள். தேசார்னே தரவில் 81, விவரம் விடுபட்டவற்றைக் கழித்தால் 77. ஆல்பிரெக்ட் தரவில் 24. கெமெரர் தரவில் 15. எல்லாமே 1990க்கு முந்தைய வேலைகள். பதினைந்தில் ஐந்தை ஒதுக்கிச் சோதித்தால், எந்த ஐந்தை ஒதுக்கினோம் என்பதைப் பொறுத்து முடிவே மாறிவிடும்.

அளக்கும் முறையிலும் சிக்கல் இருக்கிறது. இந்தத் துறையில் பலரும் எம்எம்ஆர்இ என்ற சராசரிப் பிழையைத்தான் காட்டுகிறார்கள். பத்து மாத வேலையை ஒரே மாதத்தில் முடியும் என்று சொன்னால் அந்தக் கணக்கில் பிழை 90 சதவீதம். எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் 100ஐத் தாண்டாது. முப்பது மாதம் என்று சொன்னால் 200 ஆகிவிடும். ஆக, குறைத்துச் சொல்லும் மாடல்தான் நல்ல மாடலாகத் தெரியும். ஃபாஸ், ஸ்டென்ஸ்ருட், கிச்சன்ஹாம், மிர்ட்வெய்ட் ஆகியோர் 2003லேயே இதைச் சோதித்துக் காட்டிவிட்டார்கள். இன்னும் அந்த எண்ணையே என்னிடம் கேட்கிறீர்கள்.

குறைத்துச் சொன்ன கணக்கை யார் சுமக்கிறார்கள் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தரவு கேட்டு வடசேரி, பார்வதிபுரம் பக்கமுள்ள சின்ன சாஃப்ட்வேர் நிறுவனங்களுக்குப் போனேன். டைம்ஷீட் வைத்திருப்பவர்களே குறைவு. வைத்திருந்தவர்களும் வாடிக்கையாளர் விவரம் வெளியே போய்விடுமோ என்று தயங்கினார்கள். கடைசியில் ஒருவர் பெயர்களையெல்லாம் மறைத்துவிட்டுத் தந்தார். வகுப்பு முடிந்து மாலையில் அங்கே போய், வேலை செய்த பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். தாளில் எட்டு மணி நேரம் என்று இருக்கும். ராத்திரி பன்னிரண்டு வரை உட்கார்ந்தது அதில் இருக்காது. யாரோ குறைவாக மதிப்பிட்டு ஒப்புக்கொண்ட வேலையை அந்தப் பிள்ளைகள் தூக்கத்தைக் கெடுத்து முடித்திருக்கிறார்கள். அந்த மணி நேரங்களைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்த தரவு அது. "இது பெஞ்ச்மார்க் (எல்லாரும் ஒப்பிடப் பயன்படுத்தும் பொதுத் தரவு) இல்லை" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்கள். அது இன்னும் ஆறவில்லை.

லிட்ரேச்சர் ரிவ்யூ தனி ஆய்வாகாது என்றும் சொன்னீர்கள். யோர்கென்சனும் ஷெப்பர்டும் 2007இல் 304 கட்டுரைகளை ஆராய்ந்து எழுதியது ரிவ்யூதான். வென் குழுவினர் 2012இல் மெஷின் லேர்னிங் பற்றிய 84 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். மற்ற முறைகளைவிட இது தேவலை என்றார்கள். தொழில்துறையில் பயன்பாடு இன்னும் குறைவு என்றும் சேர்த்தே சொன்னார்கள். அப்புறம் ஸ்டோரி பாயிண்ட் (ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று குழு தரும் மதிப்பெண்) கணிக்க டீப்-எஸ்இ என்ற ஆழ்கற்றல் மாடல் வந்தது. 16 ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்களில் சோதித்து நல்ல முடிவு காட்டினார்கள். தவோசி குழுவினர் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த மேன்மை எல்லா இடத்திலும் நிற்கவில்லை. பழைய முடிவை மறுபடி சோதிப்பவர்கள் இல்லையென்றால் இது நமக்குத் தெரிந்தே இருக்காது.

அதனால் கேட்கிறேன்: துல்லியம் எத்தனை சதவீதம் என்று கேட்கும் முன், எந்தத் தரவு, எப்படி அளந்தது என்று கேளுங்கள். என்னிடம் மட்டுமல்ல, எல்லாரிடமும்.

ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022லேயே எடுத்துவிட்டது. ஆனாலும் கூட்டத்துக்குக் கூட்டம் "எத்தனை பேப்பர்?" என்றுதான் கேட்கிறீர்கள். பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் ஜர்னல்களுக்குச் சம்பளத்தில் பாதியைக் கட்டுகிறவர்கள் இந்த மாவட்டத்துக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். எண் பெரிதாக இருந்தால் பேப்பர் ஏறும், அதனால் எண் பெரிதாகிறது. இதில் உங்களுக்குப் பங்கில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. சரி, அதை இன்னொரு நாள் பேசலாம்.

இப்போது என் வேண்டுகோள் இவ்வளவுதான். அத்தியாயத்தைத் தயவுசெய்து மறுபடி படியுங்கள். எந்தத் தரவு, எப்படி அளந்தது என்ற கேள்வியோடு படியுங்கள். அதில் தவறு இருந்தால் எழுத்தில் சொல்லுங்கள், திருத்துகிறேன். உள்ளூர் தரவை ஏற்க முடியாது என்றால் அதற்கான காரணத்தையும் எழுத்தில் தாருங்கள். அடுத்த கூட்டத்தின் தேதியைக் கொஞ்சம் முன்கூட்டியே தெரிவித்தால் கல்லூரியில் விடுப்பு சொல்லிவிட்டு, தரவையும் புரோகிராமையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். உங்கள் முன்னாலேயே ஓட்டிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பகுதிநேர ஆய்வாளர் ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்