"எனக்குத் தெரியாது" என்று சொன்ன சிறுமிக்காக

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பகுதியில் 12 பிள்ளைகளின் படங்களைப் போட்டு, பெரியவரானதும் அவர்கள் என்ன ஆகப்போகிறார்கள் என்று ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதியிருந்தீர்கள். வருங்கால டாக்டர், வருங்கால விண்வெளி வீரர், வருங்கால கலெக்டர் என்று வரிசையாக இருந்தது. கடைசிப் படத்தில் 8 வயதுச் சிறுமி ஒருத்தி. அவள் "எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்கிறாள். அதற்குக் கீழே உங்கள் குழுவினர் தாங்களாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: "சீக்கிரம் யோசிங்க பாப்பா, நேரம் ஓடுது!"

விளையாட்டாகத்தான் எழுதியிருப்பீர்கள் என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 8 வயதுக் குழந்தைக்கு எந்த நேரம் ஓடுகிறது, ஐயா? அந்தப் பக்கத்தில் இருந்த 12 பேரில் உண்மையைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அவளைத்தான் நாம் கிண்டல் செய்தோம். அவள் வகுப்புத் தோழிகள் எல்லோரும் அதைப் படித்திருப்பார்கள்.

நான் 31 ஆண்டுகள் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தியவள். ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்தில் இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். அதனால் உங்கள் மீது மட்டும் குற்றம் சொல்லவில்லை. கை தூக்காமல் உட்கார்ந்திருக்கும் நாலைந்து பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, கடைசியில் அவர்களும் "டாக்டர் மிஸ்" என்பார்கள். நான் "வெரிகுட்" என்பேன். டாக்டருக்கு என்னென்ன வேலை என்று பாதிப் பேருக்குத் தெரியாது. அப்படிச் சொன்னால் "வெரிகுட்" கிடைக்கும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ஒருமுறை ஒரு பையன் எழுந்து "நான் பஸ் ஓட்டப்போறேன் மிஸ்" என்றான். வகுப்பே சிரித்தது. "அதைவிடப் பெரிசா யோசி" என்று நானும் சொன்னேன். அடுத்த ஆண்டு வேறு ஆசிரியை கேட்டபோது அவன் "இன்ஜினியர்" என்று சொன்னானாம். கேள்விப்பட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இன்று அவன் எதிரே வந்தால் மன்னிப்புக் கேட்பேன். பிள்ளைகள் 6 முதல் 8 வயதுக்குள் ஆண் வேலை, பெண் வேலை என்று பிரிக்கத் தொடங்குகிறார்கள், 9 வயது வாக்கில் கௌரவமான வேலை, கௌரவம் குறைந்த வேலை என்று பார்க்க ஆரம்பிக்கிறார்கள், ஒத்துவராதவற்றை ஒவ்வொன்றாக மனசிலிருந்து கழித்துவிடுகிறார்கள் என்று லிண்டா காட்ஃபிரெட்சன் என்ற அறிஞர் 1981-இலேயே எழுதினார். அவர்களாகவா கழிக்கிறார்கள்? நாம் எதற்குச் சிரிக்கிறோம், எதற்குக் கை தட்டுகிறோம் என்று பார்த்துத்தான் கழிக்கிறார்கள்.

இதெல்லாம் எங்கே போய் முடிகிறது என்பது பத்திரிகை நடத்தும் உங்களுக்குத் தெரியாததில்லை. ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு) 2020-இல் வெளியிட்ட அறிக்கையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 30 வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று 41 நாடுகளைச் சேர்ந்த 15 வயதுப் பிள்ளைகளைக் கேட்டார்கள். பையன்களில் 47 சதவீதம் பேரும் பெண்களில் 53 சதவீதம் பேரும் பத்தே பத்து வேலைகளுக்குள் நின்றுவிட்டார்கள். உலகத்தில் எத்தனை ஆயிரம் வேலைகள் இருக்கின்றன! சின்ன வயதிலிருந்து ஓயாமல் கேட்டுக் கேட்டு நாம் வாங்கிய பதில் அந்தப் பத்துதான்.

நாம் கேட்கும் கேள்வியையே கொஞ்சம் பாருங்கள். "என்ன ஆகப்போறே?" என்கிறோம். இப்போது அந்தக் குழந்தை ஒன்றுமாக இல்லை என்றுதானே இதற்குப் பொருள்? "படிச்சு ஆளாகணும்" என்கிறோம். அப்படியானால் அதுவரை அவள் ஆள் இல்லையா? "என்ன செய்யப் பிடிக்கும்?" என்று கேட்டால் ஒரு குழந்தை அரைமணி நேரம் பேசும். "என்ன ஆகப்போறே?" என்றால் ஒரே வார்த்தையில் முடித்துவிடும். இதை நான் என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மார்ஜோரி ரோட்ஸ் என்ற உளவியல் அறிஞரின் குழுவினர் செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. 4 முதல் 9 வயதுள்ள சிறுமிகளில் சிலரிடம் "வாங்க, விஞ்ஞானிகளா இருப்போம்" என்றார்கள். வேறு சிலரிடம் "வாங்க, அறிவியல் செய்வோம்" என்றார்கள். இரண்டாவதைக் கேட்ட சிறுமிகள்தான், பிறகு கொடுத்த அறிவியல் விளையாட்டை விடாமல் அதிக நேரம் தொடர்ந்தார்கள். செயலைச் சொன்னால் பிள்ளை உள்ளே வந்துவிடுகிறது. பட்டத்தைச் சொன்னால் "நான் அந்த மாதிரி ஆளா?" என்று வாசலிலேயே நின்றுவிடுகிறது.

என் தம்பியின் கதையைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மனம் வரவில்லை. 6 வயதில், தலைக்கு மேலே போன விமானத்தைப் பார்த்து "நான் பைலட்" என்று ஒருநாள் சொன்னான். அவ்வளவுதான். அன்றிலிருந்து வீட்டிலும் உறவிலும் அவனுக்குப் பெயரே பைலட் என்றாகிவிட்டது. விருந்தாளிகள் வந்தால் கூப்பிட்டுச் சொல்லவைப்பார்கள். பரிசு என்றால் பொம்மை விமானம்தான். உண்மையில் அவன் கையில் எப்போதும் இருந்தது ஒரு ஸ்க்ரூடிரைவர். கடிகாரம், டார்ச் லைட், ரேடியோ என்று எது கிடைத்தாலும் கழற்றி மாட்டுவான். அதை நாங்கள் சேட்டை என்று திட்டினோம். அது என்ன ஆசை என்று ஒருவரும் கேட்டதில்லை. பதில்தான் ஏற்கெனவே எங்கள் கையில் இருந்ததே!

17 வயதில் மருத்துவச் சோதனைக்குப் போனான். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லும் இஷிஹாரா சோதனை. அவனால் பல எண்களைப் படிக்க முடியவில்லை. பிறவியிலேயே நிறக்குருடு. அன்று இரவு அவன் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பிளேன் போனா போகட்டும்க்கா. இனிமே என்னை என்னன்னு கூப்பிடுவாங்க?" வேலை போனதுகூட அவனுக்குப் பெரிதில்லை. அந்தப் பெயர் போனதும் தான் யார் என்றே அவனுக்குத் தெரியவில்லை. அதிலிருந்து மீள அவனுக்கு ஆறேழு வருடம் பிடித்தது. இப்போது பட்டறை வைத்து மோட்டார் பழுது பார்க்கிறான், நன்றாகவே இருக்கிறான். ஆனாலும் குடும்ப விசேஷங்களுக்கு வரமாட்டான். "பைலட் வந்துட்டான்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார் என்ற பயம்.

தானாகத் தேடிப்பார்க்காமல், மற்றவர்கள் கொடுத்த அடையாளத்தை அப்படியே மாட்டிக்கொண்டு நின்றுவிடும் இளைஞர்களைப் பற்றி ஜேம்ஸ் மார்ஷியா என்ற உளவியல் அறிஞர் 1966-இல் எழுதினார். பல வருடம் கழித்து ஆசிரியர் பயிற்சி ஒன்றில் அதைக் கேட்டபோது, என் தம்பியைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. "தெரியாது" என்று சொல்ல அவனுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்திருந்தால் என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் இதழில் அந்தப் படங்களுக்கு எதிர்ப்பக்கத்திலேயே, 5 வயதிலிருந்து குழந்தையின் எதிர்காலத் தொழிலைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று ஒரு விளம்பரம். விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது, சரி. ஆனால் அதைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பும் ஒரு தாய், "தெரியாது" என்று சொன்ன பிள்ளையின் படத்துக்குக் கீழே "நேரம் ஓடுது" என்று படித்தால் என்ன நினைப்பாள்? உங்கள் பத்திரிகையை நம்பித்தான் 20 ஆண்டுகளாக என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிறுவர் பகுதியை வாசித்துக் காட்டினேன். அந்த உரிமையில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் கேட்பது சிறிய விஷயம்தான். பிள்ளைகளுக்கு நீங்கள் அனுப்பும் படிவத்தில் "என்ன ஆக ஆசை?" என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, "இப்போது என்ன செய்யப் பிடிக்கும்?" என்று மாற்றுங்கள். அப்புறம், அடுத்த இதழில் அந்தச் சிறுமிக்கு ஒரு வரி எழுதுங்கள். அவள் சொன்னது நல்ல பதில்தான், அவசரம் ஒன்றும் இல்லை என்று அவள் படிக்கும்படி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை