ஏழு எழுத்தில் மதுரை

ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

அன்பு முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. புது கார் எடுத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். வண்டி விலை பத்து லட்சத்தைத் தாண்டியதால் 18 சதவீதம் லைஃப் டாக்ஸ் போனது, அதற்கு மேல் பேன்சி நம்பருக்கும் தனியாகக் கட்டினேன், "இந்தப் பணமெல்லாம் எங்கே போகிறதோ" என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரி மனசிலேயே நிற்கிறது. நான் இருக்கும் இந்த மாநிலத்தில் கார் கட்டணத்தால் ஒரு கவர்னர் நாற்காலியே ஆட்டம் கண்டிருக்கிறது. ஜனங்கள் ஆசையாகக் கட்டுகிற கார் கட்டணமும் இங்கேயே இருக்கிறது. இரண்டையும் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

இங்கே லைஃப் டாக்ஸ் கிடையாது, வருஷா வருஷம் கட்ட வேண்டும். கட்டியதும் தபாலில் ஒரு சின்ன ஸ்டிக்கர் வரும். நம்பர் பிளேட்டின் வலது மேல் மூலையில், போன வருஷத்து ஸ்டிக்கருக்கு மேலேயே அதை ஒட்டிக்கொள்வோம். இடது மூலையில் மாதம் இருக்கும். வருஷத்துக்கு ஒரு நிறம் என்பதால் பின்னால் வரும் போலீஸ்காரருக்குக் கண்ணாலேயே தெரிந்துவிடும். பழைய வண்டிகளில் ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கராகத் தடித்து, ஓரம் பிய்ந்து நிற்பதைப் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது அந்தக் கட்டண நோட்டீஸ்தான். பதிவுக்கு இவ்வளவு, நெடுஞ்சாலை ரோந்து போலீசுக்கு இவ்வளவு, சாலைக்கு இவ்வளவு என்று வரி வரியாகப் பிரித்துக் காட்டியிருப்பார்கள். வண்டியின் மதிப்பில் 0.65 சதவீதம் ஒரு தனி வரி. வண்டி பழசாக ஆக அது குறைந்துகொண்டே வரும். ஓட்டை வண்டி வைத்திருப்பவனிடம் புது வண்டிக்காரனுக்குச் சமமாகப் பிடுங்காமல் இருப்பது நியாயம் என்றுதான் நான் சொல்வேன்.

இப்போது எங்கள் வீட்டில் இதே பேச்சாக இருப்பதற்குக் காரணம் பெரியவள். அவள் வண்டிக்குச் சொந்த எழுத்தில் பிளேட் வேண்டுமாம். இங்கே உன் பேன்சி நம்பர் மாதிரி ஏலமோ பெரிய தொகையோ இல்லை. இரண்டு முதல் ஏழு எழுத்து அல்லது எண், வேறு யாரும் எடுத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். முதலில் 53 டாலர், அப்புறம் வருஷத்துக்கு 43 டாலர், வழக்கமான கட்டணத்துக்கு மேல். ஆங்கிலத்தில் எழுதினால் மதுரை சரியாக ஏழு எழுத்து வருகிறது. முருகனும் ஏழு. மீனாட்சிக்கு இடம் பத்தாது. விண்ணப்பத்தில் மூன்று விருப்பங்கள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று விளக்கமும் தர வேண்டும். "அப்பாவின் ஊர்" என்று அவள் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தேன். கிடைக்குமா என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் நம் ஊர்க்காரர்கள் கொஞ்சமா இருக்கிறார்கள்!

இந்த மூன்று விருப்பத்தால் 1979இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒருவர் பட்ட பாடு இருக்கிறதே. அவர் படகுப் பிரியர். முதல் இரண்டு விருப்பமும் படகு சம்பந்தமான சொற்கள். அவை கிடைக்காவிட்டால் வேறு எதுவும் வேண்டாம் என்பதற்காக மூன்றாவது இடத்தில் "நோ பிளேட்" என்று எழுதினார். அதையே அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். போலீஸ்காரர்களோ பிளேட் இல்லாமல் நிற்கும் வண்டிக்கு அபராதச் சீட்டு போடும்போது பிளேட் நம்பருக்கான கட்டத்தில் "நோ பிளேட்" என்றுதான் எழுதுவார்கள். மாநிலம் முழுக்க அப்படி எழுதிய சீட்டெல்லாம் இந்த மனுஷன் வீட்டுக்கு வந்து குவிந்தன, சுமார் 2,500.

சரி, பணத்துக்கு வருகிறேன். 1970இல், ரொனால்ட் ரீகன் இங்கே கவர்னராக இருந்தபோது, இந்தச் சொந்த எழுத்து பிளேட்டைக் கொண்டுவந்தார்கள். அதில் வரும் பணம் சுற்றுச்சூழல் வேலைகளுக்கு என்று அப்போதே சட்டத்தில் எழுதி, தனி நிதியாக வைத்தார்கள். அருகிவரும் உயிரினங்களைக் காப்பது, இயற்கை நிலங்களை வாங்கிப் பாதுகாப்பது, தாஹோ ஏரியில் மண் அரித்துப் போய் விழாமல் தடுப்பது, இப்படி. அந்த பிளேட்டின் பெயரே சுற்றுச்சூழல் பிளேட். திமிங்கில வால் படம் போட்ட இன்னொரு பிளேட் உண்டு, அதன் பணம் கடற்கரைகளைச் சுத்தம் செய்யவும் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிச் சொல்லித்தரவும் போகிறது. ஒருவனுடைய ஆசைக்கு விலை வைத்து, அந்தக் காசை ஊருக்கே பொதுவான ஏரிக்கும் காட்டுக்கும் கொண்டுபோவது எவ்வளவு நல்ல யோசனை! பெரியவளிடம் நான் மறுப்பே சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் கவர்னர் கதை இதற்கு நேர் எதிர். நான் சொன்ன மதிப்பு வரி முன்பு 2 சதவீதமாக இருந்தது. 1998இல் குறைக்க ஆரம்பித்து 0.65 வரை கொண்டுவந்தார்கள். 2003இல் கஜானா காலியானதும் திரும்ப 2 சதவீதமாக்கினார் கவர்னர் கிரே டேவிஸ். ஒரே அடியில் மூன்று மடங்கு! மின்வெட்டு, பட்ஜெட் பற்றாக்குறை என்று ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த ஜனங்களுக்கு வீடு தேடி வந்த அந்த நோட்டீஸ் போதுமானதாக இருந்தது. அந்த அக்டோபரில் வாக்கெடுப்பு வைத்து அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அடுத்து வந்த நடிகர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர் பதவியேற்ற அன்றே அந்த உயர்வை ரத்து செய்தார். ஆனால் அது நகராட்சிகளுக்கும், நம் மாவட்டம் மாதிரியான கவுண்டிகளுக்கும் போய்க்கொண்டிருந்த பணம். வருஷத்துக்கு சுமார் 400 கோடி டாலர் பள்ளம் விழுந்தது. கைதட்டிய யாருக்கும் அந்தப் பக்கம் தெரியவில்லை. தெரியும்படி யாரும் சொல்லவும் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

அப்புறம் 2017இல் பார். பெட்ரோலுக்கு கேலனுக்கு 12 சென்ட் வரி ஏற்றினார்கள். வண்டி மதிப்பைப் பொறுத்து 25 முதல் 175 டாலர் வரை வருஷக் கட்டணமும் போட்டார்கள். பெட்ரோலே போடாத புது மின்சார வண்டிகளுக்கு 100 டாலர். ஆனால் இந்த முறை, 2018 ஜூனில், இந்தப் பணத்தைப் போக்குவரத்துக்குத் தவிர வேறு எதற்கும் தொடக் கூடாது என்று மாநில அரசியல் சட்டத்திலேயே எழுத ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டு வாங்கினார்கள். தார் போடும் இடங்களில் எல்லாம் இந்தச் சட்டத்தின் பணம் என்று பலகையும் வைத்தார்கள். அதே நவம்பரில் வரியை நீக்கச் சொல்லி ஒரு தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. தோற்றுப்போனது. வரி வேண்டும் என்று மக்களே ஓட்டுப் போட்டார்கள், முருகேசா!

அதனால்தான் உன் கேள்வியைக் கேட்டுவிட்டு அப்படியே விட்டுவிடாதே என்கிறேன். பேன்சி நம்பர் என்பது விருப்பப்பட்டவர் மட்டும் கட்டுவது. அதில் வரும் பணத்தை வைகை ஆற்றுக்கோ கண்மாய் தூர்வாரவோ ஒதுக்கினால் நம் ஆட்களும் சந்தோஷமாகக் கட்டுவார்கள். முதலில் வருஷத்துக்கு எவ்வளவு வருகிறது, எந்தக் கணக்கில் சேர்கிறது என்று தெரிய வேண்டும். பத்து ரூபாய் கட்டி ஒரு ஆர்டிஐ போடு. உன் ஊர் ஆர்டிஓ ஆபீசுக்கு மட்டும் கேட்டால்கூடப் போதும். கேள்விகளை நான் எழுதி அனுப்புகிறேன், நீ கையெழுத்துப் போட்டு அனுப்பு. பதில் வந்ததும் எனக்கு ஒரு நகல் வேண்டும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
சேகர்