மாஸ்டருக்கு, இடைவேளையில் நடந்ததைப் பற்றி

மாஸ்டர்,

கீரிமலையில் உங்கள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து இன்று நான்காம் நாள். கல்வெட்டு, உங்கள் நினைவுப் புத்தகம், என் மேசையில் கிடக்கிறது. மகள் நல்ல படமாகப் பார்த்து அட்டையில் போட்டிருக்கிறா. கழுத்தில் விசில் தொங்க, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். உள்ளே தேவாரங்களுக்குப் பிறகு எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் அஞ்சலி ஒரு பக்கம். அதை எழுதியது நான்தான். 'எமது கழகத்தின் பயிற்றுவிப்பாளராகவும் சில காலம் கடமையாற்றினார்.' அந்த ஒரு வசனத்தோடு மூன்று வருசத்தையும் தாண்டிவிட்டேன். நிர்வாகத்தில் ஒருவர் வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கிறாய், ஒரு பிரச்சினையும் இல்லாமல் இருக்கு" என்றார். அன்றைக்கு எனக்கு நித்திரை வரவில்லை.

செத்தவீட்டிலும் அதே கதைதான் நடந்தது. பறை கொஞ்சம் ஓய்ந்த நேரம், பந்தலுக்குள் பின்பக்கக் கதிரைகளில் இருந்தவர்கள் 2017 ஃபைனலை எடுத்துவிட்டார்கள். கீப்பரை மாற்றாமல் விட்டிருந்தால் கோப்பை எங்களுக்குத்தான் என்று ஒருவர். அடித்தடித்து விளையாட வேண்டிய மணல் தரையில் பந்தை உருட்டச் சொன்ன மனுசன் என்று இன்னொருவர். அவர்களில் ஒருவர் சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது: "பிறேசில் கோச் ஸ்கொலாரி எண்டாலும் 2002இல உலகக் கோப்பையைத் தூக்கிப்போட்டுத்தான் 2014இல ஏழு கோல் வாங்கினவர். இவர் என்னத்தைத் தூக்கினவர்?" பிறகு எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "இவனைக் கேளுங்கோ, இவன்தானே அண்டைக்குக் கீப்பர்." தண்ணீர் குடிக்கிற சாட்டில் எழும்பிப் போனேன். கிணற்றடியில் நின்று பார்த்தால், யன்னலுக்குள்ளால் உங்கள் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணி தெரிந்தது.

ஸ்கொலாரியின் பெயரை அங்கே இழுத்தது எனக்குச் சுட்டது. 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் பிறேசில் ஜேர்மனியிடம் ஒன்றுக்கு ஏழு என்று தோற்ற அந்த மட்சை உங்களோடு வாசிகசாலையில் இருந்து பார்த்தவன் நான். எங்கள் நேரத்துக்கு விடிய ஒன்றரை மணி. பிறேசிலின் நெய்மாருக்கு முள்ளந்தண்டில் அடி, தியாகோ சில்வாவுக்குத் தடை. 23ஆம் நிமிடத்துக்கும் 29ஆம் நிமிடத்துக்கும் இடையில் நாலு கோல் விழுந்தது. பிறேசில் கொடி கட்டிக்கொண்டு வந்தவர்கள் இடைவேளைக்கு முதலே எழும்பிப் போய்விட்டார்கள். நீங்கள் மட்டும் கடைசி நிமிடத்தில் பிறேசிலுக்கு ஒஸ்கார் ஒன்று அடிக்கும்வரை கதிரையை விட்டு அசையவில்லை. நான் ஸ்கொலாரியைத் திட்டினேன். அதற்கு நீங்கள், "அந்த மனுசன் இண்டைக்கு இரவு எங்க போய்ப் படுக்கும் எண்டு யோசிச்சுப் பார்" என்றீர்கள். அப்போது எனக்குப் பதினாறு வயது. விளங்கவில்லை.

சரி. ஃபைனலுக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததை உங்களுக்கே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதை ஊரும் வாசிக்கும் என்பதால் ஒன்றை மட்டும் ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

இடைவேளைக்கு நாங்கள் ஒன்றுக்குப் பூச்சியம் முன்னுக்கு. அதற்கு இருபது நிமிடம் முந்தி, ஒரு கோணர் உதையில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவனின் முழங்கால் என் இடப்பக்கக் கன்னப்பொறியில் இறங்கியது. எழும்பினேன், கை காட்டினேன், சனம் கைதட்டியது. அதற்குப் பிறகு இடைவேளை வரை நடந்த எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. ஒன்றைப் பாய்ந்து தட்டினேன் என்கிறார்கள். நான் அதைப் பார்த்தது பிறகு ஃபோன் வீடியோவில்.

நீங்கள் என்னை மட்டும் ரீமிலிருந்து பிரித்து, கம்பத்துக்குப் பின்னால், ஐஸ் பெட்டி இருந்த இடத்துக்குக் கூட்டிப்போனீர்கள். வழமையாக விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பார்கள். நீங்கள் வேறொன்று கேட்டீர்கள். 2014 உலகக் கோப்பை ஃபைனலில் ஜேர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் தலையில் அடிபட்ட பிறகும் பதினாலு நிமிடம் விளையாடி, நடுவர் ரிசோலியிடம் போய் "இது ஃபைனலா?" என்று கேட்ட கதையை எங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள். நாங்கள் அதைப் பகிடி என்று எடுத்தோம். நீங்கள் பகிடிக்குச் சொல்லவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"தம்பி, கடல் எந்தப் பக்கம்?"

நான் பிறந்த நாளில் இருந்து அந்த மைதானத்துக்கு வடக்கே கடல். காற்று முகத்தில் அடிக்கிறது, உப்பு மணக்கிறது. நான் கையைத் தூக்கித் தெருப் பக்கம் காட்டினேன்.

நீங்கள் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டு, என் கையுறைகளைக் கழற்றத் தொடங்கினீர்கள். மணிக்கட்டுப் பட்டி ஈரத்தில் இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுத்தீர்கள். அப்போதுதான் எனக்கு விசயம் உறைத்தது. அழுதேன். "பந்து இடப்பக்கம் ரெண்டாத் தெரியுது மாஸ்டர், ஆனா விளையாடுவன்" என்றேன். நீங்கள் மறுத்தபோது அடுத்ததைக் கேட்டேன். "அப்ப ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ." கொழும்பில் இருந்து ஒரு கழகக்காரர் என்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று காலையில் நீங்கள்தான் சொன்னீர்கள். தலையில் அடிபட்ட கீப்பரை எவன் எடுப்பான்? அப்பா கடலுக்குப் போவதை விட்டு ஒரு வருசம். வீட்டில் நான்தான் மூத்தவன்.

"சரி" என்றீர்கள். ஒரு சொல். நீங்களும் அதைக் காப்பாற்றினீர்கள்.

உள்ளே போன கீப்பர் பதினேழு வயதுப் பொடியன், உங்கள் தங்கச்சியின் மகன். ஒன்றுக்கு மூன்று என்று தோற்றோம். மூன்றாவது கோல் விழுந்தபோது எங்கள் சனம் அவனைப் பார்த்துக் கத்தவில்லை, உங்களைப் பார்த்துத்தான் கத்தியது. மருமகனுக்குக் கோப்பை தூக்கிக் கொடுக்கப் பார்த்தவர் என்ற பேச்சு அன்றிரவே பிறந்தது. அவனைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுத மாட்டேன். போன கிழமை அவனோடு நேரில் கதைத்துவிட்டேன். அது எங்கள் இருவருக்குள்ளும் இருக்கட்டும்.

அன்றிரவு நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் விறாந்தையில், அப்பாவின் சாய்மனைக் கதிரையில் இருந்தீர்கள். மணிக்கு ஒருதரம் வந்து என்னை எழுப்பி அதே கேள்வி. கடல் எந்தப் பக்கம்? முதல் இரண்டு தரமும் நான் என்ன சொன்னேனோ தெரியாது. மூன்று மணிக்கு வடக்கு என்றேன். நெற்றியில் கையை வைத்துப் பார்த்தீர்கள். உங்கள் விரலில் இன்னும் அந்தக் கையுறையின் ரப்பர் மணம். விடிந்தபோது அம்மா தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல், பார்த்துக்கொள்ளுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அம்மாவுக்கு இப்போதுதான், இதை எழுத முதல், உண்மையைச் சொன்னேன். அவ உங்கள் மேல்தான் கோபப்பட்டா.

எனக்கும் அந்தக் கோபம் இருக்கிறது, மாஸ்டர். என்னை அன்றைக்குப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். இரண்டு தரம் சத்தி எடுத்தவனைக் கதிரைபோட்டுக் காவல் இருந்து பார்க்கிற வேலை இல்லை அது. மண்டைக்குள் இரத்தம் கசிந்திருந்தால் விடிய என்னை எழுப்பியிருக்க முடியாது. உங்களுக்கு அது தெரியும், கிராமரின் கதை தெரிந்தவருக்கு அதுவும் தெரியாமல் இருக்காது. பத்தொன்பது வயதுப் பொடியன் கெஞ்சினான் என்று அவன் உயிரை வைத்து ஒரு இரவு முழுக்கச் சீட்டாடினீர்கள். ஊர் உங்கள் மேல் எத்தனையோ குற்றம் சொன்னது. நீங்கள் செய்த பிழை இதுதான், இதை ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவன் நான் ஒருவன், நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு கழகப் பொதுக்கூட்டத்தில் நடந்ததுதான் எனக்கு எழுதக் கஷ்டமானது. அங்கே இருந்த பலர் இதை வாசிக்கப்போகிறார்கள், சிலர் எனக்கு மாமன் மச்சான் முறை. யார் எதைக் கத்தினார்கள் என்று எழுதப்போவதில்லை. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். ஒருவர் எழும்பி என்னிடம் நேரே கேட்டார்: "நீ சொல்லு, உனக்கு ஏதும் ஏலாமலோ மாத்தினவர்?" மண்டபம் அமைதியானது. நீங்கள் முன்னால் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்க்காமல் மேசையில் கிடந்த வரவுப் புத்தகத்தைப் பார்த்தீர்கள். நான் சொன்னேன்: "எனக்கு ஒண்டும் இல்லை. மாஸ்டர் மாத்தினவர், நான் வந்திட்டன்."

அதற்குப் பிறகு உங்களை விலக்குவதற்கான கை உயர்த்தல் வெறும் சடங்கு. நானும் உயர்த்தினேன்.

கொழும்புக் கழகம் கூப்பிடவேயில்லை.

அடுத்த வருசம் மே மாதம் கீவில் நடந்த சம்பியன்ஸ் லீக் ஃபைனல். எங்கள் நேரம் நள்ளிரவு தாண்டிப் பதினைந்து நிமிடம். லிவர்பூல் கீப்பர் காரியுஸ் கையால் எறிந்த பந்து ரியல் மட்றிட்டின் பென்சமாவின் காலில் பட்டு உள்ளே போனது. பிறகு அதே ரீமின் பேல் தூரத்தில் இருந்து அடித்தது அவன் கைகளுக்குள்ளால் வழுக்கி விழுந்தது. மட்ச் முடிய அவன் அழுதுகொண்டு ரசிகர்களைக் கும்பிட்டான். உலகமே அவனைத் திட்டியது, கொலை மிரட்டல் வரை போனது. யூன் 4ஆம் திகதி பொஸ்ரன் மருத்துவர்கள் அறிக்கை விட்டார்கள்: ஆட்டத்தில் அவனுக்கு மூளை அதிர்வு ஏற்பட்டிருக்க வேண்டும், பார்வையில் இடத்தையும் தூரத்தையும் கணிக்கிற திறன் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று. முதல் கோலுக்குக் கொஞ்சம் முந்தி ரியல் மட்றிட்டின் ராமோஸின் முழங்கை அவன் தலையில் பட்டிருந்தது. அதைச் சாட்டு என்று சிரித்தவர்கள் எங்கள் வட்சப் குழுவிலும் இருந்தார்கள்.

மறுநாள் பின்னேரம் நீங்கள் ஃபோன் எடுத்தீர்கள். பொதுக்கூட்டத்துக்குப் பிறகு முதல் தரம். "அந்தப் பொடியன்ர செய்தி பாத்தனீயோ?" என்றீர்கள். ஓம் என்றேன். கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உன்ர தலை இப்ப எப்பிடி?" நான், "சுகம், சேர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மாஸ்டர் என்று சொல்ல வாய் வரவில்லை. குத்திக்காட்டத்தான் எடுத்தீர்கள் என்று நினைத்தேன். பல மாதம் அப்படித்தான் நினைத்தேன். நினைக்க வசதியாக இருந்தது.

ஆனால் நீங்களும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். வாக்குக் கொடுத்ததைக் காப்பாற்றினேன் என்று இருந்துவிட்டீர்கள். தேத்தண்ணிக் கடையில் உங்களைக் கண்டால் கதை நிற்கும். கோயில் திருவிழாவில் கழகப் பொடியங்கள் உங்களைத் தெரியாததுபோல் போவார்கள். அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நான் இந்த ஊரிலேயே இருந்தேன். நீங்கள் வாயைத் திறந்திருந்தால் எனக்கு இரண்டு கிழமை வெட்கம், அவ்வளவுதான். நீங்கள் பேசாமல் இருந்ததால் எட்டு வருசம் உங்களைக் கண்டவுடன் சைக்கிளைத் திருப்பினேன். மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் கெட்டிக்காரப் பயிற்றுவிப்பாளர் என்று இப்போது எழுதினால் அதுவும் பொய்தான். மழைக்குப் பிறகு புதைகிற தரையில் கட்டையாகப் பந்து கொடுக்கச் சொன்னீர்கள். முன்கள வீரன் ஒருவன் நன்றாக ஓடுகிறான் என்று தெரிந்தும், காலைப் பயிற்சிக்கு வரவில்லை என்று அவனை வெளியே இருத்தி ஒரு அரையிறுதியைத் தோற்றீர்கள். மூன்று வருசம், ஒரு கோப்பையும் இல்லை. அதை மாற்றி எழுத முடியாது.

ஆனால் கீப்பர் வேலை எனக்கு வந்தது உங்களால். விடிய ஐந்தரைக்கு, உங்கள் வீட்டுக் கிடுகுவேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ரெனிஸ் பந்தை மேலால் எறிவீர்கள். எங்கே இருந்து வரும், எப்போது வரும் என்று தெரியாது. வேலிக்கு மேலால் தலைகாட்டும் ஒரு கணத்துக்குள் கை போக வேண்டும். நூறு பந்து. தவறவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு நான் சுற்றி வரத் தேவையில்லை என்று, வேலியின் அடியில் நீங்களே ஒரு பொட்டு வெட்டி வைத்திருந்தீர்கள். அதற்குள்ளால் உருட்டிவிடுவேன். பந்து வாங்க வருகிற உங்கள் கை மட்டும் தெரியும். வேலி இப்போது மதிலாகிவிட்டது. செத்தவீட்டன்று நான் தேடினது அந்தப் பொட்டைத்தான்.

தலையில் அடிபட்டவனை மாற்ற ஒரு மேலதிக மாற்று வீரர் என்று 2024 யூலையில் இருந்து விதிப்புத்தகத்திலேயே இடம் இருக்கிறது, விரும்புகிற போட்டிகள் பயன்படுத்தலாம். கழகத்தின் பொதுக்கூட்டம் வருகிற ஞாயிறு. எங்கள் சுற்றுப்போட்டிக்கும் அதைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கப்போகிறேன். ஏன் என்று கேட்பார்கள். 'ஏனைய விடயங்கள்' என்ற இடத்தில் எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். இந்தக் கடிதத்தில் எழுதியதை அங்கே எழும்பி நின்று சொல்வேன். கல்வெட்டில் அந்த ஒரு வசனத்தை மாற்ற இனி முடியாது. மகளிடம் சொல்லிவிட்டேன். அவ கேட்டுவிட்டு, "அப்பா ஒரு நாளும் சொல்லேல்லையே" என்றா. பிறகு ஃபோனை வைத்துவிட்டா. திருப்பி எடுக்கவில்லை.

நீங்கள் ஃபோனில் கேட்டதற்கு அன்று பொய் சொன்னேன், மாஸ்டர். மூன்று மாதம் தலையிடி இருந்தது. வெளிச்சம் பட்டால் கண் கூசும், பந்தல் லைற்றுகளைப் பார்க்க முடியாது. கணக்கு எழுதும்போது ஒரே வரியைத் திருப்பித் திருப்பி வாசிப்பேன். அடுத்த வருசம் சித்திரைக்குப் பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. இப்போது ஒன்றும் இல்லை. இடப்பக்கமும் வடிவாகத் தெரிகிறது.